மரபுவழிப் பிறழ்வும் பின்நேர்ந்த பிறழ்வும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மனித டி.என்.ஏ.வில் காணப்படும் பிறழ்வுகளை, அவை எப்போது வந்து சேர்ந்தன என்பதைக் கொண்டு அறிவியலார் இருவகையாகப் பிரிக்கின்றனர். தாயின் கருமுட்டை வழியாகவோ தந்தையின் விந்தணு வழியாகவோ வந்து, கருவுற்ற முதல் செல்லிலேயே இடம்பெற்றுவிடுவதால் உடலின் எல்லாச் செல்களிலும் இருப்பது மரபுவழிப் பிறழ்வு. வாழ்நாளில் ஏதேனும் ஒரு செல்லில் நேர்ந்து, அந்தச் செல் பெருகி உண்டாக்கும் செல்களில் மட்டும் தங்குவது பின்நேர்ந்த பிறழ்வு. முதலாவது வகை பிள்ளைகளுக்குப் போகக்கூடியது. இரண்டாவது வகை அந்த மனிதரோடு முடிந்துபோவது. புற்றுநோயும் சில குருதி நோய்களும் இவ்விரண்டும் கூடும் இடத்தில்தான் பெரும்பாலும் தோன்றுகின்றன என்ற கருத்து அரை நூற்றாண்டாக இருந்து வந்தாலும், அந்தக் கூட்டு எவ்வாறு நிகழ்கிறது என்பதை எழுத்தெழுத்தாகப் படித்தறியும் வாய்ப்பு டி.என்.ஏ. வரிசையறிதல் மலிவானதற்குப் பிறகே கிட்டியது. சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என விரிந்து கிடக்கும் தொழில்வழித்தடத்தைப் போல, பல மரபுப் பின்னணிகளைக் கொண்ட இளம் தொழிலாளர்கள் சாயம், கரைப்பான், வெல்டிங் புகை ஆகியவற்றின் நடுவே ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் வட்டாரங்களுக்கு இக்கேள்வி வெறும் ஆய்வகக் கேள்வி அன்று.

இத்துறையின் அடிப்படைக் கருத்து ஒரு குழந்தை நோயிலிருந்து வந்தது. விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் சில குழந்தைகளுக்கு இரு கண்களிலும் மிக இளம் வயதிலும், வேறு சிலருக்கு ஒரே கண்ணில் சற்றுப் பிந்தியும் வருவதைக் கவனித்த அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், 48 நோயாளிகளின் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு 1971இல் ஒரு கணக்குப் போட்டார். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு படிகளாக இருக்கிறது. கட்டியைத் தடுக்கும் மரபணு ஒன்றின் இரு படிகளும் கெட்டால்தான் நோய் வரும். ஒரு படி கெட்ட நிலையிலேயே பிறக்கும் குழந்தைக்கு இன்னொரு அடி விழுந்தால் போதும், மற்றக் குழந்தைக்கு ஒரே செல்லில் இரண்டு அடிகளும் விழ வேண்டும் என்பதே அவர் முடிவு. அந்த மரபணு எது என்று தெரியாத காலத்தில் சொல்லப்பட்ட அக்கருத்து, 1986இல் 13ஆம் குரோமோசோமிலிருந்து ஆர்.பி.1 மரபணு பிரித்தெடுக்கப்பட்டபோது மெய்யாயிற்று. தமிழ்நாட்டில் சங்கர நேத்ராலயாவின் மரபியல் துறை இம்மரபணுவின் பிறழ்வுகளைத் தேடியறியும் பணியைச் செய்துவருகிறது. குழந்தையின் குருதியிலும் பிறழ்வு இருந்தால் மற்றக் கண்ணையும், பிறக்கப்போகும் தம்பி தங்கையின் கண்களையும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். கட்டியில் மட்டும் இருந்தால் அந்தக் குடும்பத்தின் தலையிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்குகிறது. ஒரே பிறழ்வு, அது எங்கே காணப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே வேறாக்கிவிடுகிறது.

வரிசையறிதல் இந்த வேறுபாட்டை எப்படிக் காட்டுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். ஒருவரின் குருதியிலிருந்தோ உமிழ்நீரிலிருந்தோ எடுத்த டி.என்.ஏ.வையும், கட்டியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வையும் தனித்தனியே வரிசையறிந்து ஒப்பிடுவதே அடிப்படை முறை. ஒவ்வோர் இடமும் ஒருமுறையன்றிப் பலமுறை படிக்கப்படுகிறது. ஓர் இடத்தை 100 முறை படித்தால், ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்த மரபுவழிப் பிறழ்வு குருதியில் ஏறத்தாழ 50 முறை தென்படும். கட்டித் துண்டில் 60 விழுக்காடு மட்டுமே கட்டிச் செல்கள், எஞ்சியவை இயல்பான செல்கள் என்றால், ஒரு படியில் பின்நேர்ந்த பிறழ்வு அத்துண்டில் 30 முறை அளவில் தென்படும்; குருதியில் தென்படாது. மரபுவழிப் பிறழ்வு உள்ள ஒருவரின் கட்டிச் செல்கள் தம்மிடமிருந்த நல்ல படியை இழந்துவிட்டால், அதே துண்டில் அப்பிறழ்வு 50இலிருந்து 71 அளவுக்கு உயரும். நல்ல படியை இழந்ததோடு கெட்ட படியை இரட்டித்தும் கொண்டால் 80 அளவுக்குப் போகும். இவ்வளவு எளிய எண்களே, நட்சன் ஊகித்த இரண்டாம் அடி விழுந்ததா, எவ்வகையில் விழுந்தது என்பதற்குச் சான்றாகின்றன.

ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் டி.என்.ஏ.வோடு சேர்த்து முன்பே பேசப்பட்டதுண்டு. 1991 மே 21 அன்று அங்கு நிகழ்ந்த ராஜீவ் காந்தி கொலையின் புலனாய்வில், ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் லால்ஜி சிங் வளர்த்தெடுத்த டி.என்.ஏ. கைரேகை முறை பயன்பட்டது. தடயவியலின் நம்பிக்கை முழுவதும், ஒரு மனிதரின் எந்தத் திசுவை எடுத்தாலும் டி.என்.ஏ. ஒன்றே என்ற விதியின் மேல் நிற்கிறது. ஆளை அடையாளம் காண அவ்விதி போதும். ஆனால் குடல், கல்லீரல் போன்ற உறுப்புகளின் மூலச்செல் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு 40 அளவில் புதிய பிறழ்வுகள் சேர்கின்றன என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்தக் கணக்கில் ஐம்பது வயதுள்ள ஒருவரின் எந்த இரண்டு குடல் மூலச்செல்களும் ஒன்றல்ல. பின்நேர்ந்த பிறழ்வுகளின் ஆய்வு, தடயவியல் புறக்கணித்துச் செல்லும் இச்சிறு வேறுபாடுகளிலிருந்துதான் தொடங்குகிறது.

குருதியையும் கட்டியையும் ஒப்பிடும் முறைக்குப் பொறிகளும் உண்டு. குருதியை இயல்பான திசு என்று கொள்வது பெரும்பாலான கட்டிகளுக்குச் சரி. இரத்தப் புற்றுநோயில் குருதியே நோயுற்ற திசு ஆகையால், தோலிலிருந்து வளர்த்த செல்களைத் துணைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. எலும்பு மச்சை மாற்று சிகிச்சை பெற்றவரின் குருதி, கொடையாளியின் மரபையே காட்டும். வயதானவர்களின் குருதியில் டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 முதலிய மரபணுக்களில் பின்நேர்ந்த பிறழ்வு கொண்ட ஒரு செல்லின் கிளை பெருகி நிற்பது வழக்கம். எழுபது வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இது காணப்படுவதாக 2014இல் வெளிவந்த ஆய்வுகள் தெரிவித்தன. இக்கிளைப் பெருக்கத்தை மரபுவழிப் பிறழ்வு என்று தவறாகப் படித்துவிட்டால், குற்றமற்ற ஒரு குடும்பம் முழுவதும் அச்சத்தில் தள்ளப்படும். ஃபார்மலினில் பதப்படுத்திய பழைய திசுத் துண்டுகளில், சைட்டோசின் என்ற எழுத்து வேதிமாற்றத்தால் தைமினாகப் படிக்கப்படுவதும் உண்டு. மாவட்ட மருத்துவமனைகளில் சேர்ந்துள்ள பாரஃபின் கட்டைகளை ஆய்வுக்கு எடுக்க விரும்புவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய இடர் இதுவே.

மரபுவழிப் பிறழ்வும் பின்நேர்ந்த பிறழ்வும் கூடும் வழிகளில் தமிழ்நாட்டில் மிகுதியாக ஆராயப்பட்டது மார்பக, சூலகப் புற்றுநோய்களைச் சார்ந்த பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களின் வழி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையத்தில் தங்கராஜன் ராஜ்குமாரும் அவருடன் பணியாற்றியோரும் மரபுவழிப் புற்றுநோய்க் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, தென்னிந்தியப் பெண்களிடம் பி.ஆர்.சி.ஏ.1 பிறழ்வுகளைக் கண்டறிந்தனர். 2015இல் ஒரே சோதனையில் 30 மரபணுக்களை வரிசையறிந்து, இரண்டு மரபணுக்களை மட்டும் தேடினால் தப்பிவிடும் பிறழ்வுகளையும் பிடிக்க முடியும் என்று காட்டினர். தென்னிந்தியாவில் காணப்படும் பிறழ்வுகளுள் ஒன்று 185டெல்ஏஜி எனப்படுவது. கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே நூற்றுக்கு ஒருவர் அளவில் காணப்படும் இதே பிறழ்வு, இந்தியக் குடும்பம் ஒன்றில் தனித்தே தோன்றியிருக்கிறது என்று 2007இல் ஓர் ஆய்வு நிறுவியது.

இப்பிறழ்வில் நடப்பது மிகச் சிறியது. டி.என்.ஏ.வின் எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்பட்டு, ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. தொடக்கத்திற்கு அருகில் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் விடுபட்டதால் அதன்பின் உள்ள மும்மூன்றுகள் எல்லாம் இடம்பெயர்ந்து, 1,863 அமினோ அமிலங்கள் கொண்டதாக உருவாக வேண்டிய புரதம் 39ஆம் இடத்தில் நிறுத்தக் குறியைச் சந்தித்து அறுந்துபோகிறது. பெண்ணின் உடல் முழுவதும் ஒரு படி இப்படி இருந்தும், மற்றப் படி நலமாக இருப்பதால் அவர் பல்லாண்டு நலமாக வாழ்கிறார். ஒரு மார்பகச் செல்லில் நல்ல படியும் போன பிறகே டி.என்.ஏ.வின் இரு இழைகளும் முறியும்போது சரிசெய்யும் ஆற்றல் அச்செல்லுக்கு இல்லாமற்போகிறது. அந்தக் குறையையே மருந்துக்கு வழியாக்கலாம் என்று 2005இல் வெளியான இரு ஆய்வுகள் காட்ட, 2014இல் ஒலாபரிப் என்ற மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அம்மருந்துக்குத் தப்பும் கட்டிகள் இக்கூட்டின் இன்னொரு முகத்தைக் காட்டுகின்றன. சில கட்டிச் செல்களில், மரபுவழி வந்த பிறழ்வுக்கு அருகில் புதியதொரு பிறழ்வு நேர்ந்து, விடுபட்ட எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றின் மடங்காகிவிடுகிறது. மும்மூன்றுகள் மீண்டும் ஒழுங்குக்கு வர, புரதம் ஓரளவு வேலை செய்யத் தொடங்க, மருந்து பயனற்றுப் போகிறது. 2008இல் வெளிவந்த இக்கண்டுபிடிப்பு, பின்நேர்ந்த பிறழ்வு மரபுவழிப் பிறழ்வுக்கு எப்போதும் துணைபோகும் என்ற எண்ணத்தைக் கலைத்தது. பெற்றோர் தந்த பிழையைக் கட்டி தன் நலனுக்காகத் திருத்திக்கொள்ளவும் கூடும்.

நட்சனின் இரண்டடி விதியை எல்லா இடத்திலும் பொருத்துவது தவறு என்பதற்கு வேறு சான்றுகளும் உள்ளன. 33 வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 10,389 நோயாளிகளை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, அவர்களில் எட்டு விழுக்காட்டினருக்கு நோய்க்கு ஏதுவான மரபுவழிப் பிறழ்வு இருப்பதைக் கண்டது. ஆனால் இருப்பது வேறு, காரணமாவது வேறு. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 17,000க்கும் மேற்பட்டோரின் குருதியையும் கட்டியையும் ஒப்பிட்டபோது, பி.ஆர்.சி.ஏ. பிறழ்வோடு பிறந்தவர்களின் மார்பக, சூலகக் கட்டிகளில் நல்ல படி பெரும்பாலும் அழிந்திருந்தது. வேறு உறுப்புகளில் தோன்றிய கட்டிகள் பலவற்றில் அது அழியாமலே இருந்தது. அத்தகைய கட்டிக்கு மரபுவழிப் பிறழ்வு உடன் வந்த பயணியே அன்றி ஓட்டுநர் அன்று. குருதிச் சோதனையை மட்டும் பார்த்து நோய்க்குக் காரணம் இதுவே என்று எழுதிவிடும் வழக்கத்தை இந்த ஒரு முடிவே மாற்றியிருக்க வேண்டும்.

இரத்த நோய்களில் இக்கூட்டு இன்னும் நுட்பமாக நிகழ்கிறது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோயில் ஜாக்2 மரபணுவில் பின்நேரும் பிறழ்வு 2005இல் அறியப்பட்டது. அம்மரபணுவைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட மரபுவழி எழுத்தமைப்பு உடையவர்களுக்கே அப்பிறழ்வு மிகுதியாக நேர்கிறது என்றும், நேரும்போது அந்த அமைப்பு உள்ள படியிலேயே பெரும்பாலும் நேர்கிறது என்றும் 2009இல் மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டன. டி.டி.எக்ஸ்.41 மரபணுவில் ஒரு படி கெட்டுப் பிறந்தோர் அறுபது வயது வரை நலமாக இருந்து, பின் மற்றப் படியில் பெரும்பாலும் ஒரே குறிப்பிட்ட இடத்தில் பிறழ்வு நேர்ந்து மச்சைப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர்; நோய் முதுமையில் வருவதால் இதை மரபுவழி நோய் என்று எளிதில் எவரும் ஐயுறுவதில்லை. எஸ்.ஏ.எம்.டி.9 மரபணுவில் பிறழ்வுள்ள குழந்தைகளிடம் நடப்பது வியப்புக்குரியது. அப்பிறழ்வு மச்சைச் செல்களின் வளர்ச்சியை ஒடுக்குகிறது. ஒடுக்கத்திலிருந்து விடுபட, சில செல்கள் அப்பிறழ்வைத் தாங்கிய 7ஆம் குரோமோசோமையே உதறிவிடுகின்றன. உதறிய செல்கள் தழைக்கின்றன. ஆனால் குரோமோசோமோடு போன மற்ற மரபணுக்களின் இழப்பு இரத்தப் புற்றுநோய்க்கு வழிவிடுகிறது. வேறு சில குழந்தைகளிடம் செல்கள் நல்ல படியை இரட்டித்துக்கொண்டு, நோய் தானாகவே தணிந்துவிடுவதும் உண்டு.

மரபு, பிறழ்வு நேரும் வேகத்தையே மாற்றவும் கூடும். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியில் குறையோடு பிறந்தவர்களின் இயல்பான திசுக்களில் பின்நேர்ந்த பிறழ்வுகள் பன்மடங்கு சேர்ந்திருப்பதை 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்களுக்குப் புற்றுநோய் எளிதில் வந்தபோதிலும், முதுமை முன்கூட்டி வந்ததாகத் தெரியவில்லை. ஒரு படி மட்டுமன்றி இரு படிகளும் கெட்டே பிறக்கும் நிலை தமிழ்நாட்டில் தனிக் கவனத்துக்கு உரியது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 28 விழுக்காட்டினர் உறவுமுறைத் திருமணம் செய்தவர்கள். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும்போது ஒரே மூதாதையின் கெட்ட படி இருபுறமிருந்தும் குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்புக் கூடுகிறது. ஃபான்கோனி இரத்தசோகை அவ்வாறு வரும் நோய்களுள் ஒன்று, டி.என்.ஏ.வின் முறிவுகளைச் சரிசெய்ய இயலாத அந்நோயாளிகளிடம் வாய்ப் புற்றுநோயும் இரத்தப் புற்றுநோயும் இளம் வயதிலேயே தோன்றுகின்றன.

தொழிற்சாலைச் சூழல் இக்கேள்வியில் நுழையும் வழி, பிறழ்வுத் தடங்கள் எனப்படுபவை. 2013இல் 7,042 கட்டிகளை ஒப்பிட்டு லுட்மில் அலெக்சாண்ட்ரோவும் மைக்கேல் ஸ்ட்ராட்டனின் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, எந்த எழுத்து எந்த எழுத்தாக, எந்த எழுத்துகளின் நடுவே மாறியது என்ற ஒழுங்கைக் கொண்டு இருபதுக்கும் மேற்பட்ட தடங்களைப் பிரித்தறிந்தது. புகையிலை ஒரு தடத்தை விடுகிறது; வெயிலின் புற ஊதாக் கதிர் வேறொன்றை விடுகிறது; பி.ஆர்.சி.ஏ. இழப்பு தனக்கென ஒன்றை விடுகிறது. ஆகவே கட்டியின் வரிசையில், வெளியிலிருந்து வந்த நச்சும் பெற்றோரிடமிருந்து வந்த குறையும் தத்தம் எழுத்தில் கையொப்பமிட்டிருக்கின்றன. இந்தியாவில், கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுத்தொகுதி நிறுவனமும் நவி மும்பையின் ஆக்ட்ரெக் மையமும் சேர்ந்து புகையிலை மெல்லுவோரின் வாய்ப் புற்றுநோயை வரிசையறிந்து 2013இல் வெளியிட்டன.

எல்லா நச்சும் இவ்வளவு தெளிவான தடத்தை விடுவதில்லை. பெட்ரோலிலும், தரங்குறைந்த தின்னர், பசைகளில் கலப்பாகவும் இருக்கக்கூடிய பென்சீன் மச்சைச் செல்களின் குரோமோசோம்களை முறிப்பதும் இழக்கச் செய்வதுமே மிகுதி. அதன் கதை, மரபும் பணியிடமும் கூடுவதற்குக் கிடைத்துள்ள மிகத் தெளிவான சான்று. பென்சீன் நச்சுக்கு ஆளான ஷாங்காய்த் தொழிலாளர்களை ஆராய்ந்த 1997ஆம் ஆண்டு ஆய்வில், பென்சீனை விரைந்து மாற்றும் கல்லீரல் நொதியும், அம்மாற்றத்தால் விளையும் நச்சை அடக்கும் என்.க்யூ.ஓ.1 நொதியின் குறைபாடும் சேர்ந்து அமைந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு 7.6 மடங்கு இருந்தது. தியான்ஜின் நகரின் காலணித் தொழிலாளர் 250 பேரிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வு, அன்று பாதுகாப்பானது என்று அமெரிக்காவில் வகுக்கப்பட்டிருந்த பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் கீழேயும் வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டது. மரபுக் குறையுள்ளோரிடம் அக்குறைவு மிகுந்திருந்தது. கல்நாரைப் பற்றிய எலி ஆய்வும் இதையே சொல்கிறது. பாப்1 மரபணுவில் ஒரு படி கெட்டுப் பிறந்த எலிகளுக்கு, இயல்பான எலிகளுக்குத் தேவைப்பட்டதில் பத்தில் ஒரு பங்கு கல்நாரே அதே அளவு புற்றுநோயை உண்டாக்கப் போதுமாயிற்று.

சராசரி உடலை மனத்தில் வைத்து வகுத்த பாதுகாப்பு வரம்பு எல்லாத் தொழிலாளரையும் காப்பதில்லை என்பதே இச்சான்றுகளின் பொருள். இருங்காட்டுக்கோட்டையில் 1990களின் இறுதியில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, இவ்வழித்தடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைபேசி ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் பெருகியுள்ளன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, சாயமடிப்போர் தொழிலையும் ரப்பர்ப் பொருள் உற்பத்தித் தொழிலையும் டீசல் புகையையும், 2017இல் வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்துள்ளது. பெரிய ஆலைகளில் ரோபோக்கள் மூடிய அறையில் செய்யும் சாயமடிப்பையும் வெல்டிங்கையும், துணைப் பட்டறைகளில் மனிதர்கள் கையில் துப்பாக்கியோ டார்ச்சோ ஏந்திச் செய்கின்றனர். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர். வேலை மாறும்போது எந்தப் பொருளோடு எத்தனை ஆண்டு இருந்தார் என்ற செய்தியும் தொலைந்துபோகிறது. ஊர் விட்டு வந்தவரிடம் பெற்றோர், பாட்டன் பாட்டியின் நோய்க் குறிப்பைக் கேட்டுப் பெறுவதும் எளிதன்று. புற்றுநோய் பெரும்பாலும் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து வருவதால், இந்த இரண்டு இழப்பும் சேர்ந்து காரணத்தை முற்றிலும் மறைத்துவிடுகின்றன.

இவ்விடத்தில் அண்மைக்காலத் தரவுத்தொகுப்புகள் உதவக்கூடும். 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கட்குழுக்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் முழு மரபணுத்தொகுதியை வரிசையறிந்து 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. ஒரு பீகார்த் தொழிலாளியின் குருதியில் காணப்படும் அரிய எழுத்து மாற்றம் நோய்க்குரியதா, அவர் சமூகத்தில் பலருக்கும் உள்ள தீங்கற்ற வேறுபாடா என்பதை ஐரோப்பியத் தரவுகளைக் கொண்டு தீர்மானிக்க முயன்றதால் நேர்ந்த குழப்பங்கள் இனிக் குறையும். 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி. வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பில், நாடெங்கும் உள்ள 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் 960 எக்சோம்கள், அதாவது புரதம் ஆக்கும் பகுதிகளின் வரிசைகள், இடம்பெற்றுள்ளன. சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்தே நடத்திவருகிறது. குருதி வரிசை, கட்டி வரிசை, மக்கள் பதிவேடு மூன்றும் இவ்வாறு ஒரே வட்டாரத்தில் அமைந்திருக்க, நான்காவதாக வேண்டிய பணி வரலாறுதான் அவற்றோடு இன்னும் இணையவில்லை.

மரபுச் சோதனையை ஆளெடுப்பில் வடிகட்டியாகப் பயன்படுத்தும் எண்ணம் இதிலிருந்து எழக்கூடும். அதை முளையிலேயே மறுக்க வேண்டும். அமெரிக்க இரயில் நிறுவனம் ஒன்று, மணிக்கட்டு நோய்க்கு இழப்பீடு கேட்ட தொழிலாளர்களின் குருதியை அவர்களறியாமல் மரபுச் சோதனை செய்து 2002இல் 22 இலட்சம் டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. 2008இல் அந்நாடு மரபுவழிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இந்தியாவில் தில்லி உயர் நீதிமன்றம் 2018இல், மரபுவழி நோய் என்ற பொதுப் பெயரால் மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. வேலைக்கு எடுப்பதில் அத்தகைய தெளிவான காப்பு சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அறிவியலும் வடிகட்டலுக்குத் துணை நிற்கவில்லை. பென்சீனுக்கு எளிதில் ஆளாகும் மரபு ஒருவரிடம் இருப்பது அவர் குற்றமன்று. காற்றில் பென்சீன் இருப்பது ஆலையின் பொறுப்பு. மிகவும் நொய்ந்த உடலையும் காக்கும் அளவுக்கு வரம்பைத் தாழ்த்துவதே அச்சான்றுகளுக்கு ஏற்ற பதில்.

காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை இவ்வழித்தடத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கும் அடையாற்றிலும், இரத்த, நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு வரும் ஒவ்வொருவரின் கோப்பிலும், அவர் எந்த ஊர்ப் பட்டறையில், எந்தப் பிரிவில், எந்தப் பொருளைக் கையாண்டு, எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதைக் கேட்டு எழுதுமாறு மருத்துவர்களை வேண்டிக்கொள்வது இக்கட்டுரையின் நோக்கம். கட்டித் துண்டை எடுக்கும் நாளிலேயே, நோயாளியின் இசைவோடு, ஒரு குழாய்க் குருதியையும் எடுத்து வைக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் தம் உறுப்பினர்களிடம், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, நியமனக் கடிதத்தையும் இ.எஸ்.ஐ. அட்டையையும் சம்பளச் சீட்டுகளையும் வேலை மாறிய பிறகும் பத்திரப்படுத்தச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு கழித்து ஒரு வரிசையறி ஆய்வகம் கேட்கும் கேள்விக்கு விடை அந்தத் தாள்களில்தான் இருக்கும்.